ஜீவகாருண்யம் என்னும் புரட்டு

உலகத்தில் இன்று மிருகங்களுக்காகக் கண்ணீர் விடுகிறவர்களுக்குக் குறைவில்லை. ஜீவகாருண்ய சங்கங்கள் இருக்கின்றன, சட்டங்கள் இருக்கின்றன, பிரசங்கங்களும் மகாநாடுகளும் இருக்கின்றன. இவ்வளவும் இருந்தும், மனிதனுடைய உணவுக்காக மாத்திரம் ஒரு வருஷத்தில் கொல்லப்படும் தரைவாழ் பிராணிகளின் தொகை 8,000 கோடிக்கு மேலாகிறது என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் கணக்கிலிருந்து தெரிகின்றது. இவற்றில் மிகப் பெரும்பாகம் கோழிகள். மீன்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. அவைகளைத் தலைக்கணக்காய் எண்ணுகிற வழக்கமே கிடையாது; எடை போடுவதோடு சரி.

ஜீவகாருண்யம் வளர வளரக் கொலையும் கூடவே வளருவானேன்? காருண்யம் பொய்யாயிருக்க வேண்டும், அல்லது அது பிடித்திருக்கும் வழி தப்பு வழியாயிருக்க வேண்டும். இரண்டிலொன்று நிச்சயம்.

தப்பு எங்கே இருக்கிறது என்பதை அமெரிக்காவில் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் நெடுங்காலம் சட்ட ஆசிரியராயிருந்த கேரி பிரான்சியோன் என்பவர் 1995-ம் வருஷத்தில் ஒரு புத்தகம் எழுதி எடுத்துக்காட்டினார். அந்தப் புத்தகத்தின் பேரே "மிருகங்கள், சொத்து, சட்டம்" என்பதாகும். அவர் சொல்வது மிகவும் எளிய விஷயம். மிருகம் சட்டத்தின் கண்ணில் ஒரு சொத்து. நாற்காலி, வண்டி, நெல்மூட்டை எப்படியோ அப்படியே மாடும் ஆடும் கோழியும். சொத்தாயிருக்கிற வரையில் அதற்கு யாதொரு உரிமையும் உண்மையில் கிடைக்கப் போவதில்லை. ஆகவே "இன்னும் கொஞ்சம் அன்பாய் நடத்துங்கள்" என்று கெஞ்சுவது வீண். உயிரைச் சொத்தாக வைத்திருக்கும் முறையையே ஒழிக்க வேண்டும். அடிமை ஒழிப்பு என்று எதைச் சொன்னார்களோ அதே அர்த்தத்தில் இதற்கும் ஒழிப்புக் கொள்கை என்றே அவர் பேர் வைத்தார்.

இதைப் படித்ததும் சிலருக்குச் சிரிப்பு வரும். சிலருக்குக் கோபம் வரும். இரண்டையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, விஷயத்தை யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

சட்டத்தின் யோக்கியதை

1822-ம் வருஷத்தில் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் ரிச்சர்டு மார்ட்டின் என்ற அங்கத்தினருடைய முயற்சியால் மாடு, குதிரை முதலியவைகளைக் கொடுமைப்படுத்தக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. 1824-ல் அங்கே மிருகவதைத் தடுப்புச் சங்கமும் ஏற்பட்டது. அதற்குப் பிறகு 200 வருஷ காலம் ஓடிவிட்டது. இந்த மாதிரிச் சட்டம் இல்லாத நாகரிக தேசம் இன்று அநேகமாக இல்லை.

ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாம் சொல்வது என்ன? "அனாவசியமான வேதனை" கொடுக்கக் கூடாது என்பதுதான். அப்படியானால் அவசியமான வேதனை என்று ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்? எது அவசியம், எது அனாவசியம் என்று தீர்மானிப்பது யார்? மாட்டைக் கேட்டா தீர்மானிக்கிறார்கள்? மாட்டுக்குச் சொந்தக்காரனுடைய தொழிலையும் லாபத்தையும் கேட்டே தீர்மானிக்கிறார்கள். ஒருவன் வேடிக்கைக்காக ஒரு நாயின் மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்தால் அவன் குற்றவாளி. நூறு மாடுகளுக்கு அதே இரும்பால் அடையாளச் சூடு போடுகிறவன் பண்ணை முதலாளி. இரும்பும் ஒன்று, தோலும் ஒன்று, வேதனையும் ஒன்று. வித்தியாசம் எல்லாம் சூட்டில் காசு இருக்கிறதா இல்லையா என்பதில்தான்.

அமெரிக்காவில் பல ராஜ்யங்களின் கொடுமைத் தடுப்புச் சட்டங்களில், பண்ணைகளில் வழக்கமாய்ச் செய்யப்படும் காரியங்கள் எதையும் கொடுமையாகக் கொள்ளக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அதாவது, ஒரு கொடுமையை ஒருவன் செய்தால் குற்றம், எல்லோரும் சேர்ந்து செய்தால் வழக்கம், வழக்கமானால் நியாயம். 1958-ல் அங்கே "இரக்கமான முறையில் கொல்லும்" சட்டம் ஒன்று செய்தார்கள். அறுபடுகிற பிராணிகளில் மிகப் பெரும்பாகமாகிய கோழி அந்தச் சட்டத்தில் சேர்த்தி இல்லை. 1966-ல் பரிசோதனைச் சாலை மிருகங்களுக்கென்று வேறொரு சட்டம் வந்தது. பரிசோதனைக்கென்றே வளர்க்கப்படும் எலியும் சுண்டெலியும் பறவையும் அந்தச் சட்டத்தில் "மிருகம்" என்ற சொல்லுக்குள் அடங்கமாட்டா என்று 2002-ல் திருத்தி எழுதினார்கள். பரிசோதனைச் சாலையில் அதிகமாய்ச் சாகிறது எதுவோ அதுவே மிருகமல்ல என்றால் இதைவிட வேடிக்கை வேறென்ன வேண்டும்?

ஜெர்மனியின் கதை இன்னும் ருசிகரமானது. 1990-ல் அந்நாட்டு சிவில் சட்டத்தில் "மிருகங்கள் பொருள்கள் அல்ல" என்று தைரியமாய் ஒரு விதி சேர்த்தார்கள். உலகமே மெச்சிற்று. ஆனால் அதே விதியின் கடைசியில், வேறு விதமாய்ச் சொல்லப்படாத வரையில் பொருள்களுக்குள்ள விதிகளே மிருகங்களுக்கும் பொருந்தும் என்றும் எழுதிவிட்டார்கள். "நீ வேலைக்காரன் அல்ல, இந்த வீட்டுப் பிள்ளை, ஆனால் சம்பளமும் சாப்பாடும் படுக்கையும் வேலைக்காரனுக்கு உள்ளபடியே" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கூண்டுக்குள் அடைத்து முட்டையிட வைக்கும் கோழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய யூனியனில் பழைய கூண்டுகளில் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாம் எழுதுகிற சாதாரண முழுத் தாளைவிட அது சிறியது. 1999-ல் சட்டம் செய்து, 2012 முதல் பழைய கூண்டு கூடாதென்று நிறுத்தி, புதிய கூண்டில் ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் கொடுத்தார்கள். ஆகக் கூடிய லாபம் அந்தத் தாளில் மூன்றிலொரு பங்கு! இதற்காக எத்தனை வருஷக் கிளர்ச்சி, எத்தனை ஊர்வலம், எத்தனை தீர்மானம்! அதற்குள்ளே முட்டைப் பண்ணையில் பிறந்த ஆண் குஞ்சுகள் முட்டையிடாத குற்றத்துக்காகப் பிறந்த அன்றே கொல்லப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. அதைத் தடுக்க ஜெர்மனியில் சட்டம் அமலுக்கு வந்ததே 2022-ல்தான்.

கூண்டைப் பெரிதாக்கினால் யாருக்கு லாபம்? வாங்குகிறவனுக்கு மன நிம்மதி. விற்கிறவனுக்கு "அன்பாய் வளர்த்த கோழியின் முட்டை" என்று அதிக விலை. கோழிக்கு அதே கத்தி. அதனால்தான் இந்தச் சீர்திருத்தங்கள் சொத்து முறையை அசைப்பதற்குப் பதிலாக அதற்கு முட்டுக்கொடுத்து நிறுத்துகின்றன என்று ஒழிப்புக் கொள்கைக்காரர்கள் சொல்லுகின்றார்கள்.

அடிமைச் சட்டம் கற்பிக்கும் பாடம்

சொத்தாயிருக்கிற உயிருக்குச் சட்டம் எவ்வளவு தூரம் நியாயம் செய்யும் என்பதற்கு மனித சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது.

1781-ல் ஸாங் என்ற ஆங்கிலக் கப்பலில் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாய் ஏற்றிச் சென்றவர்கள், தண்ணீர் போதாது என்று சொல்லி, 130 பேர்களுக்கு மேல் உயிரோடு கடலில் எறிந்தார்கள். பிறகு கப்பல்காரர்கள் "சரக்கு நஷ்டம்" என்று இன்ஷூரன்ஸ் பணம் கேட்டார்கள். 1783-ல் லண்டன் கோர்ட்டுக்கு வந்த வழக்கு கொலை வழக்கல்ல, அந்த இன்ஷூரன்ஸ் வழக்கு! குதிரைகளைக் கடலில் எறிந்தது போலத்தான் இதுவும் என்ற பேச்சு நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபுவின் வாயிலிருந்தே வந்தது. கொலைக் குற்றத்துக்காக ஒருவர்கூட விசாரிக்கப்படவில்லை.

மனிதனையும் மிருகத்தையும் நாம் ஒப்பிடுவதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒப்பிட்டது நாமல்ல, அந்தக் கோர்ட்டு. அடிமையைக் குதிரையோடு சேர்த்ததில் அக்கிரமம் அடங்கியிருந்தது எங்கே என்றுதான் நாம் கேட்கின்றோம். சொத்து என்ற ஒரு வார்த்தைக்குள் ஓர் உயிரைப் போட்டு மூடியதில்தான் அது அடங்கியிருந்தது.

1829-ல் அமெரிக்காவின் வடகரோலினாவில் ஜான் மான் என்பவன், தான் வாடகைக்குப் பிடித்திருந்த லிடியா என்ற அடிமைப் பெண் அடி தாங்காமல் ஓடியபோது அவளைச் சுட்டுக் காயப்படுத்தினான். கீழ்க்கோர்ட்டு அவனைக் குற்றவாளி என்றது. மேல்கோர்ட்டில் நீதிபதி ரபின் விடுதலை செய்துவிட்டார். அவர் கல்நெஞ்சோடு பேசவில்லை. தமக்கு மன வேதனையாய் இருப்பதாகவே எழுதினார். ஆனால் எஜமானனுடைய அதிகாரம் பூரணமாய் இல்லாவிட்டால் அடிமையின் கீழ்ப்படிதலும் பூரணமாகாது, அடிமை முறை இருக்கிற வரையில் கோர்ட்டு இதில் தலையிட முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். நன்றாய்க் கவனியுங்கள். இரக்கம் இருந்தது, சட்டமும் இருந்தது, கோர்ட்டும் இருந்தது. சொத்துரிமை ஒன்று குறுக்கே நின்றதும் இவை எல்லாம் செத்துப்போயின.

1833-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தபோது 2 கோடி பவுன் நஷ்ட ஈடு கொடுத்தது. யாருக்கு? அடிபட்டவனுக்கல்ல, அடித்த எஜமானனுக்கு! விடுதலை கொடுக்கும்போதும் சொத்து என்ற பேய் அவர்கள் மூளையை விட்டுப் போகவில்லை.

தத்துவக்காரர்கள்

17-ம் நூற்றாண்டில் டேகார்ட் என்ற பிரெஞ்சுத் தத்துவக்காரர் மிருகங்களை மனமில்லாத யந்திரங்கள் என்றார். காண்ட் என்ற ஜெர்மானியர், மிருகத்துக்கு நாம் நேரே கடமைப்பட்டவர்கள் அல்ல. நாயை அடித்துப் பழகியவன் மனிதனையும் அடிப்பான், அதற்காக அடிக்க வேண்டாம் என்றார். 1789-ல் பெந்தாம் என்ற ஆங்கிலேயர்தான் கேள்வியைச் சரியாய்க் கேட்டார். அதற்கு அறிவு உண்டா, பேச்சு உண்டா என்பதல்ல, அதற்கு வேதனை உண்டா என்பதே கேள்வி என்றார். ஆனால் அவரும், மிருகத்துக்கு நாளையைப் பற்றிய நினைப்பு இல்லை, ஆதலால் வேதனையில்லாமல் கொன்று தின்பதில் தோஷமில்லை என்று பதிலில் வழுக்கிவிட்டார். அந்த வழுக்கலில் பிறந்தவைதான் இன்றைய ஜீவகாருண்யச் சட்டங்கள் எல்லாம்.

1975-ல் பீட்டர் சிங்கர் என்ற ஆஸ்திரேலியர் மிருக விடுதலை என்று புத்தகம் எழுதினார். அவரும் பெந்தாம் வழியில் வேதனையைக் கணக்கிடுகிறவரே ஒழிய, உபயோகிப்பதே தப்பு என்று சொல்லுகிறவர் அல்ல. 1983-ல் டாம் ரீகன் என்ற அமெரிக்கர் உரிமை என்றே பேசினார். ஆனால் நினைப்பும் விருப்பமும் முதிர்ந்த பிராணிகளை முன்னே வைத்துப் பேசினார். பிரான்சியோன் ஒருவர்தான் வேறெந்தப் பரீட்சையும் வேண்டாம், வலி உணரும் உயிர் என்ற ஒன்றே போதும், மற்றொருவனுக்குச் சொத்தாகாமலிருக்கும் உரிமை அதற்கு வந்துவிடுகிறது என்றார்.

இந்த வித்தியாசம் ஏட்டுச் சண்டை அல்ல. நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் ஹாப்பி என்ற யானை இருந்தது. கண்ணாடியில் தெரிவது தானே என்று கண்டுகொண்ட யானை என்று 2006-ல் பேர் எடுத்தது. அதை விடுவிக்க வேண்டுமென்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2022 ஜூன் மாதத்தில் அந்த ராஜ்யத்தின் உச்ச கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் இரண்டு நீதிபதிகள் ஒரு பக்கமுமாய்ப் பிரிந்து, யானை சட்டத்தின் கண்ணில் ஆள் அல்ல என்று முடிவு செய்தார்கள். கொடுத்தால் சமுதாயத்தில் பல காரியங்கள் நிலைகுலையும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நீதிபதிகளை விடுங்கள். யானைக்குக் கண்ணாடி பார்க்கத் தெரியும், ஆகவே விடு என்று வழக்காடியதே கோளாறு என்பது ஒழிப்புக் கொள்கை. கண்ணாடி பார்க்கத் தெரியாத கோழி என்ன பாவம் செய்தது? மனிதனைப் போல இருக்கிறவனுக்கு முதல் பந்தி, மற்றவனுக்கு எச்சில் இலை என்று பிறவியில் படிக்கட்டு கட்டுகிற வேலை நமக்குப் புதிதா?

நம் நாட்டுச் சங்கதி

இந்தியாவில் 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் செய்தார்கள். முதல் தடவை குற்றம் செய்தவனுக்கு அதில் வைத்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்க்கு மேற்படாமல். கொம்பு நீக்குவது, காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு போடுவது எல்லாம் விதித்தபடி செய்தால் குற்றமல்ல. மனிதன் உணவுக்காகக் கொல்வதும் "அனாவசிய" வேதனை இல்லாவிட்டால் குற்றமல்ல. 28-வது பிரிவோ, மதம் விதித்த முறையில் கொல்வது எதுவும் குற்றமாகாது என்கின்றது. கடவுள் பேரால் என்றால் கத்திக்கு லைசென்சு தானாய் வந்துவிடுகிறது!

ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-ல் சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் மிருகத்தின் உயிருக்கும் அரசியல் சட்டத்தில் இடமுண்டு என்ற வகையில் பேசித் தடை செய்தார்கள். 2017-ல் பெருங்கிளர்ச்சி நடந்து சட்டசபை சட்டத்தைத் திருத்தியது. 2023-ல் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தத்தை ஏற்று, மிருகங்களுக்கு அடிப்படை உரிமை உண்டென்பதற்கு முன்னுதாரணம் இல்லை என்றார்கள். ஒரு தீர்ப்பில் வந்த உரிமை மறு தீர்ப்பில் போயிற்று. சொத்துக்குக் கொடுக்கும் உரிமையின் ஆயுள் அவ்வளவுதான். காளையின் வாலை முறுக்குவது கொடுமை என்று அன்று கூச்சல் போட்ட பட்டணத்துக் கனவான்கள் எத்தனை பேர், அந்தக் காளையின் தாய்ப்பாலில் காப்பி குடித்துக்கொண்டே போட்டார்கள் என்பதையும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

"இது சைவ ஆசாரம் அல்லவா?"

இனி நம் தோழர்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு வருவோம். "மாமிசம் தின்பவன் தாழ்ந்தவன் என்று சொல்லித்தானே நம்மைத் தெருவுக்கு வெளியே நிறுத்தினார்கள்? நீரும் அதையே வேறு பாஷையில் சொல்லுகிறீரா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு நேரான பதில் சொல்லாதவன் இந்த விஷயத்தைப் பேச யோக்கியதை இல்லாதவன்.

ஆசாரக்காரனுடைய கவலை தன்னுடைய தீட்டைப் பற்றியது. மிருகத்தின் வேதனையைப் பற்றியது அல்ல. அப்படி இருந்தால் அவன் பாலையும் நெய்யையும் தயிரையும் தொடுவானா? பசு தானாய்ப் பால் கறப்பதில்லை. சினையாக்கி, கன்று ஈன வைத்து, கன்றின் வாயிலிருந்து பறித்துக் கறக்கிறார்கள். காளைக் கன்று எங்கே போகிறது? மடி வற்றிய எருமை எங்கே போகிறது? பால் உற்பத்தியில் உலகத்தில் முதலாவதாயிருக்கும் இந்தியாவே எருமை மாமிசத்தை வெளிதேசங்களுக்கு ஏற்றுமதி செய்வதிலும் முன்னணியில் இருப்பதன் ரகசியம் என்ன? பால் பண்ணைக்கும் கசாப்புக் கடைக்கும் நடுவே சுவர் கிடையாது; வாசல்தான் இருக்கிறது. பாலுக்கும் மாமிசத்துக்கும் நியாயத்தில் வித்தியாசமே இல்லை என்று பிரான்சியோன் அடித்துச் சொல்லுகிறார். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலியவர்கள் பாலும் முட்டையும்கூட வேண்டாமென்று வீகன் சங்கம் கண்டதும் இதனால்தான். ஆகவே இந்தக் கொள்கையின் முதல் அடி விழுவது ஆட்டுக்கறி தின்பவன் தலையிலல்ல. நெய் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நான் அஹிம்சாவாதி என்று ஏப்பம் விடுகிறவன் தலையில்!

பசு மாத்திரம் தெய்வம், எருமை எமவாகனம் என்பதும் இந்தக் கொள்கையின் முன் நிற்காது. 2016-ல் குஜராத்தில் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தாழ்த்தப்பட்ட தோழர்களைக் கட்டிவைத்து அடித்தார்களே, அவர்களுக்கும் மிருக உரிமைக்கும் என்ன சம்பந்தம்? செத்த தோலுக்காக உயிருள்ள தோலை உரிக்கிறவன் ஜீவகாருண்யனா? மனிதனை உயர்வு தாழ்வாய் நடத்துகிற எதையும், எந்தப் பலாத்காரத்தையும் ஒழிப்புக் கொள்கை ஒப்புக்கொள்ளுவதில்லை. அது கையில் எடுக்கும் ஆயுதம் எடுத்துச் சொல்லுவது ஒன்றே.

இன்னும் சில கேள்விகள்

"மிருகத்துக்கு அறிவும் கடமையும் இல்லையே, உரிமை எப்படி?" என்கிறார்கள். தொட்டில் குழந்தைக்குக் கடமை என்ன இருக்கிறது? புத்தி சுவாதீனம் இல்லாதவனை யாராவது விலைக்கு விற்கலாமா?

"சிங்கம் தின்னவில்லையா?" என்கிறார்கள். சிங்கத்துக்கு வேறு வழி இல்லை, யோசனையும் இல்லை. சிங்கத்தைக் குருவாய்க் கொள்ளுகிறவர் மற்றக் காரியங்களிலும் அப்படியே நடந்துகொள்வாரா?

"செடிக்கும் உயிர் இல்லையா?" என்கிறார்கள். செடிக்கு நரம்பும் மூளையும் கிடையாது. அப்படியும் செடிமேல் இரக்கம் இருந்தால், ஒரு மாட்டை வளர்க்க அது தின்கிற தீவனச் செடி எவ்வளவு என்று முதலில் கணக்குப் போடட்டும்.

"உடம்பு தாங்குமா?" என்கிறார்கள். சரிவரத் திட்டமிட்ட வீகன் உணவு உடம்புக்குப் போதும் என்று 2016-ல் அமெரிக்க உணவியல் வல்லுநர் கழகமே எழுதியிருக்கிறது. பி12 என்கிற சத்தை மாத்திரம் மாத்திரையாகவோ அது சேர்த்த உணவாகவோ தனியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

"இருக்கிற மாடுகளை என்ன செய்வது?" என்கிறார்கள். இருக்கிறதைச் சாகிற வரையில் காப்பாற்ற வேண்டும். விற்பனைக்காக மேலும் மேலும் பிறப்பிப்பதை நிறுத்த வேண்டும். அவைகள் தானாய் இவ்வளவு பெருகவில்லை, நாம் பெருக்கினோம்.

கடைசிக் கேள்விதான் கனமானது. "நாலு ஆட்டை நம்பி ஒரு விதவை பிழைக்கிறாள், கடலை நம்பி ஒரு குப்பம் பிழைக்கிறது. அவர்கள் வயிற்றில் அடிப்பதா?" என்பது. கூடவே கூடாது. மாற்று வழி இல்லாதவனிடம் போய் உபதேசம் செய்வது அயோக்கியத்தனம். மாற்று வழி இருக்கிறவனிடமே நம் கேள்வி தொடங்க வேண்டும்: உன் நாக்கு ருசியைத் தவிர வேறு அவசியம் உனக்கு என்ன? இரண்டாவது, அடிமை ஒழிப்பில் எஜமானனுக்குக் கோடி கோடியாய்க் கொட்டிய தப்பை மறுபடி செய்யாமல், இதில் பிழைக்கிற ஏழைக்குத்தான் சர்க்கார் முதலில் வேறு தொழிலும் கூலியும் காட்ட வேண்டும். தடைச் சட்டம் போட்டு ஏழையின் ஆட்டைப் பிடுங்கிவிட்டுப் பெரிய பண்ணையை விட்டுவைப்பது ஒழிப்பல்ல, ஏமாற்று.

ஆகவே தோழர்களே! நல்ல எஜமானன் யார், கெட்ட எஜமானன் யார் என்று விசாரிப்பதில் 200 வருஷம் வீணாய்ப் போயிற்று. எஜமானன் எதற்கு என்று கேட்பதே பகுத்தறிவு. பழக்கம் என்பதும், சாஸ்திரம் என்பதும், ருசி என்பதும் நியாயமாகிவிடுமானால் உலகத்தில் எந்த அக்கிரமமும் ஒழிந்திருக்க முடியாது. வலி உணரும் ஓர் உயிரை மற்றொருவன் விலைபோட்டு வைத்திருக்கலாமா கூடாதா? இந்த ஒரே கேள்வியை உங்களுக்குள்ளேயே கேட்டு, கிடைக்கும் பதிலுக்குத் தக்கபடி நாளைக் காலைக் காப்பியிலிருந்தே நடந்து பாருங்கள். நம் பதில் கூடாது என்பதுதான். உங்கள் பதில் வேறானால் அதற்குக் காரணத்தைச் சொல்லுங்கள், கேட்கத் தயாராயிருக்கின்றோம்.